ஒரு சாண் குழல்

"மறந்துரு, மன்னிச்சிரு" என்று என்னிடம் சொல்ல வருகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். உங்கள் அப்பா போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, தன்னைக் காட்டிக்கொடுத்தவன் கையாலேயே காப்பி வாங்கிக் குடித்து, அவனை வாயார வாழ்த்தியும் இருக்கிறாரா? இல்லையென்றால் உங்கள் உபதேசத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடுங்கள். என் அப்பா குடித்தார். வாழ்த்தினார். பக்கத்தில் நின்று நானும் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்தக் கும்பிடு இன்றைக்கும் என் உள்ளங்கையில் எரிகிறது.

எங்கள் ஊர் மணிமுத்தாறு அணைக்குக் கீழே, மலையை ஒட்டி இருக்கிறது. அங்கே வாழை போட்டவனுக்குப் பன்றியும் ஒரு பங்காளி. அதற்காக அப்பாவும் பெரியப்பாவும் பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஆளுக்கொரு ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார்கள். முறையான லைசென்ஸ் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியிருந்தார்கள். பக்கத்தில் வைத்தால், பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் எது யாருடையது என்று சொல்ல முடியும். பெரியப்பா இறந்த பிறகு அவருடைய துப்பாக்கியும் லைசென்ஸும் அவர் மகன் பெயருக்கு வந்தன. முறைக்கு அவன் எனக்கு அண்ணன். மரியாதையாக "அவர்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தத் துப்பாக்கியால் ஒரு காக்காயைக்கூடக் கொன்றதில்லை. பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார், அது ஓடிவிடும், இவரும் வந்து படுத்துவிடுவார். அதைத் துடைத்து வைப்பது சின்ன வயதில் என் வேலை. கம்பியில் எண்ணெய்த் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு எடுப்பேன். குழல் நுனியில், குறி பார்ப்பதற்கு மிளகு அளவில் ஒரு பித்தளை மணி இருக்கும். புளி போட்டு நான் தேய்க்கிற தேய்ப்பில் அது பொன்னாக மின்னும். அம்மா இருந்தவரை, "குத்துவிளக்க இப்படித் தேய்க்கியாளா நீ?" என்று கேட்பாள்.

ஒரு மழை நாளில் வரப்பில் அப்பாவுக்குக் கால் வழுக்கியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, துப்பாக்கியின் மரக்கட்டைதான் கழுத்தருகே விண்டுபோனது. அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஊர் ஆசாரியிடம் வாகையில் புதுக் கட்டை செதுக்கச் சொன்னார். அதைத் திருநெல்வேலிப் பேட்டைக்குக் கொண்டுபோய், ஒரு லேத் பட்டறையில் இரும்புப் பட்டையும் திருகும் போட்டு இறுக்கிக்கொண்டு வந்தார். அரிவாளுக்குப் பிடி போனால் மாற்றுவதில்லையா, மண்வெட்டிக்குக் காம்பு ஒடிந்தால் போடுவதில்லையா, அவருக்கு இதுவும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். வேலை சுத்தமாக இருக்கிறது என்று பெருமையாக எல்லோரிடமும் காட்டினார். அவனிடமும் காட்டினார்.

அடுத்த வாரம் போலீஸ் வந்தது. துப்பாக்கியை உருமாற்றி வைத்திருப்பதாகத் தகவல் என்றார்கள்.

பாளையங்கோட்டையில் நான் கணக்கு டீச்சர். செய்தி கேட்டு, வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறி அம்பை ஸ்டேஷனுக்குப் போனபோது, வாசலை ஒட்டிய பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். ரோட்டில் போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படுகிற பெஞ்ச் அது. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். காலையிலிருந்து அங்கேயே இருக்கிறார், ஒரு வாய்த் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. வயதுக்கு மரியாதை கொடுங்கள் என்று நான் சத்தம் போட்டேன். "வயசானவரு செய்யுத வேலையாம்மா இது?" என்றார் அப்போதிருந்த ஏட்டு.

அப்போதுதான் அவன் வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு, கையில் பிளாஸ்க்கோடு, முகத்தில் இல்லாத கவலையெல்லாம் வரவழைத்துக்கொண்டு.

"சித்தப்பா, காப்பி குடிக்கியளா?"

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக் குடித்தார். "யாரும் எட்டிப் பாக்கலலே. நீதாம்லே வந்திருக்க. நீ நல்லா இருக்கணும்" என்றார். நான் கும்பிட்டேன். அதைத்தான் மேலே சொன்னேன்.

வழக்கு என்று கோர்ட்டுக்கு எதுவும் போகவில்லை. ஆனால் துப்பாக்கியை ஸ்டேஷனிலேயே வைத்துக்கொண்டார்கள், லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. அந்தப் போகமே பன்றிகள் வாழையைப் புரட்டிப்போட்டன. வெடிச் சத்தம் இல்லை என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்கும் தெரிந்துவிட்டது. "துப்பாக்கிய என்னமோ பண்ணிட்டாராம்லா" என்று டீக்கடையில் பேச்சு. அப்பா டீக்கடைப் பக்கம் போவதையே நிறுத்தினார். கடைசியில் அவனே வந்து, "இந்த வயசுல எதுக்கு அலையுதிய சித்தப்பா, நான் பாத்துக்கிடுதேன்" என்று வயலைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான். அதற்கும் அப்பா அவனை வாழ்த்தினார். வாழ்த்தி வாழ்த்தியே கெட்ட மனுஷன்.

உண்மை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் வெளிவந்தது. எனக்கு எதிர் வரிசையில் அவன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "நான்தான் போன் போட்டுச் சொன்னேன். என்ன இப்பம்? சித்தப்பான்னா சட்டம் வளையுமா? சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்." நிமிர்ந்தவன் என்னைப் பார்த்தான். பார்த்தும் அவன் முகம் மாறவில்லை. பாயசம் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தான்.

நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். ஊர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மறுநாள் காலையில் நான் காப்பி போட்டுக் கொடுத்தபோது டம்ளரைத் தள்ளி வைத்து, "வேண்டாம்ளா, சுக்குத் தண்ணி போடு" என்றார். எழுபது வயதுக்கு மேல், விடிந்ததும் காப்பி இல்லாவிட்டால் வீட்டையே இரண்டாக்குகிற மனுஷர் காப்பியை விட்டுவிட்டார். அவர் முன்னால் நானும் குடிப்பதில்லை.

அன்றைக்கே நான் ஒரு முடிவு எடுத்தேன். அவன் அதே பெஞ்சில், ரோட்டைப் பார்த்தபடி, உட்கார வேண்டும். என்னிடம் ஆள் பலம் இல்லை, அரிவாளும் இல்லை. எனக்குப் படிக்கத் தெரியும். சட்டம்னா சட்டம்தான் என்றானே, சரி, அது என்னதான் சொல்லுகிறது என்று பார்த்துவிடுவோம் என்று ஆயுதச் சட்டப் புத்தகத்தை வாங்கினேன்.

கணக்குப் புத்தகம் போலத்தான் அதைப் படித்தேன், பென்சிலும் கையுமாக. புரியாத இடத்தை, கோர்ட் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு வக்கீலம்மாவிடம் கேட்டேன். அவர் பிள்ளை என் வகுப்பில் படிக்கிறாள், அதனால் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். துப்பாக்கியை உருமாற்றுவது என்றால் சட்டத்தின் கண்ணில் என்ன? குழலின் நீளத்தைக் குறைப்பது. பொம்மைத் துப்பாக்கியைச் சுடுகிற துப்பாக்கியாக்குவது. ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக்குவது. இவை தனி அனுமதி இல்லாமல் செய்தால் பெரிய குற்றம். பொறித்த எண்ணை அழிப்பதும் குற்றம்தான். மரக்கட்டையை மாற்றுவது இந்த வரிசையில் எங்கேயும் இல்லை. அது பழுது பார்ப்பது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் செய்திருக்க வேண்டும், லேத் பட்டறைக்குப் போனது தப்பு. அந்தத் தப்பும் முதலில் பட்டறைக்காரர் தலையில்தான் விடியும். அப்பா உருமாற்றவே இல்லை.

"அப்பம் குழலக் குறைச்சா எவ்வளவுங்க?" என்று கேட்டேன்.

"ஏழு வருஷத்துக்குக் குறையாது. மேல ஆயுள் வரைக்கும் போவும். இப்பம் கடுமையாக்கிட்டாங்க."

"ஒரு விரல்கடை குறைச்சாலுமா?"

"குறைச்சா குறைச்சதுதான். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லன்னு சட்டத்துல எழுதல. தெரியாம செஞ்சேன்னும் சொல்ல முடியாது."

அதை ஒரு தகவலாகத்தான் மனசில் போட்டு வைத்தேன். அப்பாவின் லைசென்ஸைத் திரும்பக் கேட்டுக் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டேன். அது எங்கேயோ ஒரு மேஜையில் தூங்கியது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீடுகளில் அன்றைக்கு அரிவாள், மண்வெட்டி, பம்புசெட் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. துப்பாக்கி இருக்கிற வீட்டில் அதுதான் நடுநாயகம். குழலின் அடியில் ஒரு பொட்டு, நுனியில் ஒரு பொட்டு, மேலே ஒரு முழம் மல்லிகை. இப்போது கூடுதலாக ஒரு சடங்கு சேர்ந்திருக்கிறது. அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், எல்லோரும் கும்பிடு போட வேண்டும். அவனும் போட்டான். ஊரிலேயே இனி துப்பாக்கி உள்ளவன் தான்தான் என்கிற மிதப்பு அந்தப் படத்தில் வழிந்தது. சொந்தபந்தமெல்லாம் வரிசையாகக் கும்பிட்டார்கள். அப்பாவின் போனிலிருந்தும் ஒரு கும்பிடு போனது. அதைப் பார்த்து எனக்கு அப்பா மேலேயே ஆத்திரம் வந்தது.

ஆத்திரத்தோடுதான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழல் நுனியில் சந்தனம் இருந்தது. அதன் மேல் குங்குமம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பித்தளை மணி இல்லை.

வருஷக்கணக்காக நான் புளி போட்டுத் தேய்த்த மணியின் ஜோடி அது. அதன் இடம் எனக்குத் தெரியாதா? உதிர்ந்திருக்குமோ என்று முதலில் நினைத்தேன். பிறகு, அப்பா துப்பாக்கியோடு எடுத்த பழைய ஆயுத பூஜைப் படத்தைத் தேடி எடுத்தேன். இரண்டு படத்திலும் மரக்கட்டையை ஸ்கேல் வைத்து அளந்தேன், குழலை அளந்தேன், வகுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போடுகிற விகிதக் கணக்கு. ஆசாரி வைத்த புதுக் கட்டை அல்ல, பழைய கட்டை இருந்த காலத்துப் படம், ஆகவே கணக்கில் பிசகு கிடையாது. அவன் குழல் ஒரு சாண் குறைந்திருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! சமையல்கட்டில் தனியாக நின்று சிரித்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, பரீட்சைல எல்லாரும் பாஸா?" என்று கேட்டார். "ஒருத்தன் பெயில்" என்றேன்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. சொன்னால் போலீஸ் அவன் வீட்டுக்குப் போகும், அவன் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவான், யாரையாவது பிடிப்பான், விஷயம் நாலு சுவருக்குள் முடியும். எனக்கு அது போதாது. தேர்தல் வரப்போகிறது. தேர்தல் அறிவித்தால், லைசென்ஸ் உள்ளவர்கள் தங்கள் துப்பாக்கியைத் தாங்களே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். எங்கள் பக்கம் அது ஒரு கௌரவ ஊர்வலம். வெள்ளை வேட்டி சட்டை உடுத்தி, துப்பாக்கியைப் புதுத் துண்டில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு, நாலு பேர் பார்க்க நடந்து போவார்கள். அவனும் போவான். தன் கையால் கொண்டுபோய்த் தன் கையால் நீட்டுவான். அதுவரைக்கும் ஆறப்போடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போய்ச் சர்க்கரைப் பொங்கல்கூடச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஸ்டேஷனுக்குப் போனேன். இப்போது அங்கே புதிதாக ஒரு பெண் இன்ஸ்பெக்டர். இரண்டு படங்களையும், நான் போட்ட கணக்கையும் காட்டினேன். அவர் கணக்கை மறுபடி ஒருமுறை தானே போட்டுப் பார்த்தார், அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. "போட்டோவ வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார்.

"போட்டோ வேண்டாம் மேடம். அதுக்க ஜோடி உங்ககிட்டயே இருக்கு. எங்கப்பா துப்பாக்கி. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, அது போதும்."

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "வியாழக்கிழமை எல்லாரையும் கொண்டாரச் சொல்லிருக்கோம். வரட்டும்" என்றார்.

புதன்கிழமையே ஊருக்கு வந்துவிட்டேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் தடுப்பார் என்று பயம். அண்ணன் மகன், ரத்தம், தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை என்று ஆரம்பித்துவிடுவார். ஏழு வருஷம் என்று கேட்டால் தாங்கமாட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் நானும் இளகிவிடுவேனோ என்று என் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

வியாழக்கிழமை காலையில் நான் பைய வாசல்படி இறங்கும்போது உள்ளே இருந்து குரல் வந்தது.

"எங்கன போற?"

"அம்பைக்கு. ஒரு வேலையா."

அப்பா வெளியே வந்தார். இஸ்திரி போட்ட வேட்டி சட்டை, நெற்றியில் திருநீறு. "நானும் வாரேன். பிளாஸ்க்க எடு. காப்பி போடு" என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "நீங்கதான் குடிக்கதில்லையேப்பா" என்றேன்.

"போடுளா. அந்தப் போட்டோவ நானும் பாத்தேன். நுனியில மணியக் காணல. நீ சட்டப் புஸ்தகம் வாங்குனதும் தெரியும், அவன் வீட்டுல போயிப் பொங்கல் தின்னுட்டு வந்ததும் தெரியும். நீ என்னைக்குச் சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருக்கேன், வாயவே தொறக்க மாட்டேங்குத."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்ததென்று. இத்தனை மாசமாக அப்பா கும்பிடு போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறார். நான் காப்பி போட்டேன். டிகாஷன் கெட்டியாக, சர்க்கரை கூடுதலாக, அவருக்குப் பிடித்த மாதிரி.

நாங்கள் போனபோது ஸ்டேஷன் முற்றத்தில் பல ஊர்த் துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். அவன் முன்னாலேயே நின்றான். அப்பாவைப் பார்த்ததும், "என்ன சித்தப்பா, பழைய ஞாபகத்துல வந்துட்டியளா?" என்று கேட்டான். வரிசையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அவன் முறை வந்தது. துண்டை உருவித் துப்பாக்கியை மேஜையில் வைத்தான். இன்ஸ்பெக்டர் எண்ணைச் சரிபார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் கை காட்டினார். ஒரு போலீஸ்காரர் தூசியைத் தட்டிக்கொண்டே அப்பாவின் துப்பாக்கியைக் கொண்டுவந்து, குழலின் அடிக்கு நேராக அடியை வைத்துப் பக்கத்தில் படுக்கவைத்தார். அப்பாவின் குழல் ஒரு சாண் நீண்டுகொண்டு நின்றது. நுனியில் மணி களிம்பேறிக் கறுத்திருந்தாலும், இருந்தது.

வரிசையே கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"இது என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது வந்து மேடம், சொவத்துல மாட்டிருந்தேன். உள்ள குளவி கூடு கட்டிருக்கு, நான் கவனிக்கல. வெடிச்சதும் நுனி வாழைப்பூ மாரி விரிஞ்சிட்டு. அதான் பேட்டையில குடுத்து அந்த மட்டும் அறுத்து எடுத்தேன். ரிப்பேர்தான மேடம்?"

"ரிப்பேர் வேற. குழலக் குறைக்கது வேற. யாருட்ட அனுமதி வாங்குனீங்க?"

அவன் திரும்பிப் பார்த்தான். என் கண்ணைப் பார்த்தான், அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. பந்தியில் மாறாத முகம் இப்போது மாறியது. "தங்கச்சி, நீயா? சொந்தத்துக்குள்ள இப்படிச் செய்யலாமா?"

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானண்ணே" என்றேன். எத்தனை நாள் பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் சொல்லிப் பார்த்த வாக்கியம். தடுமாறாமல் வந்தது.

அவனை அந்தப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். வெள்ளை வேட்டியோடு, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தான். வேலைக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு பஸ் நின்று புறப்பட்டது. நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பாவமாக இருந்ததா என்று பிறகு என் வீட்டுக்காரர் கேட்டார். இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தது போல இருந்தது.

அப்பா என் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கினார். பைய நடந்துபோய் அவன் பக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்தார். மூடியைத் திருகி, டம்ளரில் ஊற்றி, நுரை அடங்கும்வரை பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினார்.

"காப்பி குடிக்கியாலே?"

அவன் தலையைத் தூக்கவில்லை. அப்பா கையை எடுக்கவும் இல்லை. கடைசியில் அவன் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினான். வேட்டியில் கொஞ்சம் சிந்தியது. அவன் குடித்து முடிக்கும்வரை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா இருக்கணும் என்று இந்தத் தடவை வாழ்த்தவில்லை.

பிறகு, பிளாஸ்க் மூடியில் மிச்சத்தை ஊற்றித் தானும் குடித்தார்.

"சீனி கொஞ்சம் கூடிட்டுளா" என்றார் என்னைப் பார்த்து. ஆனால் ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை.